கருப்பாயியின் இருபதாவது கல்

குழந்தைகளே, இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்கு ஒரே பயமாக இருக்கிறது. ஏறும்போது எந்தக் கால் முதலில், இறங்கும்போது எந்தக் கால் முதலில் என்பதில்தான் இந்தக் கதையின் உயிரே இருக்கிறது. அதை நான் மாற்றிச் சொல்லிவிட்டால் பாவம், கதையில் வரும் கரடி உருண்டு விழுந்துவிடும். அதனால் மெதுவாகவே சொல்கிறேன். நீங்களும் அவசரப்படுத்தாமல் கேளுங்கள்.

ஒரு காட்டில், மொட்டைமலை என்கிற மலையின் அடிவாரத்தில், கருப்பாயி என்று ஒரு கரடி இருந்தாள்.

அந்தக் காட்டு மிருகங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மழைக்காலம் முடிந்து முதல் வெயில் அடிக்கும் நாளில், ஆற்றிலிருந்து ஆளுக்கு ஒரு கூழாங்கல்லை எடுத்துக்கொண்டு மலை உச்சிக்கு ஏறுவார்கள். உச்சிப் பாறையில் அவரவர் வரிசையில் கல்லை வைப்பார்கள். அத்தோடு முடியவில்லை. திரும்பி இறங்கி வந்து ஆற்றுத் தண்ணீரில் கால் நனைக்க வேண்டும். அதுவும் சொந்தக் காலில் நடந்து வந்து நனைக்க வேண்டும். வழியில் விழுந்து, யாராவது தூக்கிக்கொண்டு வந்தால், அந்த வருஷத்துக் கல்லை எடுத்து வீசிவிடுவார்கள்.

உச்சிப் பாறை சின்னது. எல்லாருக்கும் அங்கே இடம் இல்லை. அதனால் மூன்று வருஷம் தொடர்ந்து கல் வைக்காதவரின் வரிசையைக் கலைத்துவிட்டு, அந்த இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

கருப்பாயியின் வரிசையில் பத்தொன்பது கற்கள் இருந்தன. காட்டிலேயே நீளமான வரிசை அதுதான். அதைவிடப் பெரிய பெருமை ஒன்றும் அவளுக்கு இருந்தது. மலைப்பாதை முடிகிற இடத்தில், ஆற்றுக்கு நேர் மேலே, ஒரு பக்கம் படிப்படியாக அமைந்த பாறைகள் உண்டு. மறுபக்கம் ஒரு வழுக்குப் பாறை உண்டு. எல்லாரும் படிப்பாறையில் இறங்குவார்கள். கருப்பாயி மட்டும் வழுக்குப் பாறையில் உட்கார்ந்து சர்ரென்று சறுக்கி, கடைசியில் ஒரே தாவலில் ஆற்று மணலில் வந்து நிற்பாள். அந்தச் சறுக்கைப் பார்க்கவே மிருகங்கள் கரையில் கூடி நிற்கும்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு வருஷம் வலது முட்டி பிடித்துக்கொண்டது. அடி எடுத்து வைத்தால் உள்ளே மணல் அரைபடுவது போலச் சத்தம் கேட்டது. அந்த வருஷம் அவள் கல் வைக்கவில்லை. அடுத்த வருஷமும் வைக்கவில்லை.

மரங்கொத்தி கொண்டையார்தான் அந்தக் காட்டுக்கு வைத்தியர். அவர் முட்டியை அலகால் தட்டித் தட்டிக் கேட்டார்.

"தேஞ்சு போச்சு கருப்பாயி. இனி எண்ணெய் தேய்ச்சாலும் ஆகாது, பத்துப் போட்டாலும் ஆகாது. மாத்தித்தான் ஆகணும்."

"முட்டியையா? மாத்திட்டா நடப்பேனா?"

"நடப்ப."

"மலை ஏறுவேனா?"

"அது என் அலகுல இல்ல. உன்கிட்டதான் இருக்கு."

கருப்பாயி இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள், வலி தெரியாமல் தூங்குவதற்காக, புளித்துப் போன இலுப்பைப் பூவை வயிறு முட்டத் தின்றுவிட்டுக் குறட்டை விட்டாள். அவள் கண் விழித்தபோது, பழைய முட்டி போயிருந்தது. அந்த இடத்தில் வைரம் பாய்ந்த தேக்கில் கொண்டையார் செதுக்கிய புது முட்டி இருந்தது.

செய்தி கேட்டுச் சடையன் வந்தான். சடையன் ஒரு குரங்கு. உச்சிப் பாறையில் அவனுக்கு இடம் இல்லை. கருப்பாயியின் வரிசை எப்போது கலையும் என்று ஒரு கூழாங்கல்லைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு காத்திருந்தான்.

"என்னக்கா, மரமுட்டியாமே! கறையான் வந்தா என்ன பண்ணுவ?"

"வரட்டுமே. கறையான்னா எனக்குப் பலகாரம்டா," என்றாள் கருப்பாயி.

சடையன் போன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அவள் ஒரு அடி எடுத்து வைக்க முயன்றாள். கால் மடங்கவும் இல்லை, நீளவும் இல்லை.

காலுக்குப் பயிற்சி கொடுக்க வெள்ளையம்மா வந்தாள். அவள் ஒரு கொக்கு. நாள் முழுவதும் ஆற்றில் ஒற்றைக் காலில் நிற்பவள். கால்களைப் பற்றி அவளுக்குத் தெரியாதது இல்லை. வயதில் சின்னவள்தான், ஆனால் கண்டிப்பில் பெரியவள்.

வெள்ளையம்மா ஒரு தேக்கிலையைக் கருப்பாயியின் முட்டிக்கு அடியில் வைத்தாள்.

"முட்டியால இலையை அமுக்குக்கா. நான் உருவுவேன். உருவ வரக் கூடாது."

இலை சுலபமாக உருவிக்கொண்டு வந்தது.

"இன்னொரு தரம்."

மறுபடியும் வந்தது.

"அடியே வெள்ளையம்மா, கொல்றியேடி!"

"திட்டிக்கிட்டே அமுக்கு. திட்டினா இலை வராது."

அடுத்து ஒரு நெல்லிக்காயை அவள் குதிகாலுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி வைத்தாள். படுத்தபடியே காலை மடக்கி, குதிகாலால் அதைத் தொட வேண்டும். தொட்டால் நெல்லிக்காய் கருப்பாயிக்கு. தொடாவிட்டால் வெள்ளையம்மா அதை ஆற்றில் போட்டுவிடுவாள். முதல் பத்து நாளில் பத்து நெல்லிக்காய் ஆற்றோடு போயிற்று.

பதினோராம் நாள் குதிகால் நெல்லிக்காயைத் தொட்டது. கருப்பாயி அதைக் கடித்துத் தின்றாள். கசந்து, பிறகு இனித்தது. "இன்னும் கொஞ்சம் தள்ளி வை," என்றாள்.

இருபதாம் நாள் இலையை வெள்ளையம்மாவால் உருவ முடியவில்லை. அலகால் இழுத்தாள், இலை கிழிந்தது. கருப்பாயி கிழிந்த இலையை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு கையில் ஒரு தடியோடு நடக்கத் தொடங்கினாள். முதலில் குகை வாசல் வரை, பிறகு புளியமரம் வரை, பிறகு கறையான் புற்று வரை, போன களைப்புக்கு அங்கே கொஞ்சம் பலகாரம். ஒரு நாள் மிதப்பில் ஆற்றங்கரை நெடுக ஓடிவிட்டாள். முட்டி பலாப்பழம் போல வீங்கிவிட்டது. மூன்று நாள் குளிர்ந்த தண்ணீரில் காலை நீட்டிக்கொண்டு கிடந்தாள்.

"முட்டிதான்க்கா புதுசு," என்றாள் வெள்ளையம்மா. "அதைச் சுத்தி இருக்குற தொடை பழசு. அது ரெண்டு வருஷமா தூங்குச்சு. அதை மெதுவா எழுப்பு."

மழைக்காலம் முடிந்தது. முதல் வெயில் வந்தது. இந்த வருஷமும் கல் வைக்காவிட்டால் பத்தொன்பது கற்களும் கலைந்துவிடும். கருப்பாயி விடியும் முன்பே எழுந்து, ஆற்றில் ஒரு கரிய கூழாங்கல்லைத் தேடி எடுத்தாள்.

வெள்ளையம்மா அவளை நிறுத்தினாள். "ஏறும்போது எந்தக் கால் முதல்ல?"

"நல்ல கால். இடது கால். அது மேல போய் என்னைத் தூக்கும்."

"இறங்கும்போது?"

"புதுக் கால். அதைக் கீழ விட்டுட்டு, நல்ல கால் மேல நின்னு பாரத்தைத் தாங்கும்."

"மாத்தி வச்சா?"

"நீ என் கல்லைத் தூக்கி வீசிடுவ."

"ஆமா. ஆத்துல நான்தான் சாட்சி. பார்த்துட்டுத்தான் இருப்பேன். போயிட்டு வா."

எல்லா மிருகங்களும் ஏறின. மான் ஓடியது. முயல் குதித்தது. கருப்பாயி தடியை ஊன்றினாள், இடது காலை வைத்தாள், வலது காலை இழுத்தாள். தடி, இடது, வலது. பாறையில் மரமுட்டி டொக் டொக் என்று ஒலித்தது.

சடையன் மரத்துக்கு மரம் தாவிக்கொண்டே அவளோடு வந்தான்.

"அக்கா, இந்த வேகத்துல போனா அடுத்த மழை வந்துடும்."

"வந்தா நனைவோம்."

"ஆமை உன்னைத் தாண்டிப் போயிடுச்சு."

"போகட்டும். அதோட முட்டி அதோடது. இது என்னோடது."

கொஞ்ச தூரம் போனதும் உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடியும் உட்கார்ந்தாள். மற்றவர்கள் கல் வைத்துவிட்டு இறங்கி வந்து அவளைக் கடந்து போனார்கள். "இன்னும் கொஞ்ச தூரம்தான் கருப்பாயி!" என்றது மான். உண்மையில் நிறைய தூரம் இருந்தது.

உச்சி வெயிலில் அவள் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அங்கே அவளுடைய வரிசை பாசி பிடித்துக் கிடந்தது. ஒவ்வொரு கல்லையும் தொட்டுப் பார்த்தாள். பத்தொன்பது. பக்கத்தில் இருபதாவது கல்லை வைத்தாள். யாரும் கை தட்டவில்லை, ஏனென்றால் அங்கே வேறு யாரும் இல்லை. சடையன் மட்டும் கன்னம் புடைக்க உட்கார்ந்திருந்தான். கருப்பாயி மலை முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். ஆறு வெள்ளிக் கயிறு போலக் கீழே கிடந்தது. அவள் நெஞ்சு நிமிர்ந்தது.

"வச்சாச்சு," என்றாள்.

"வை, வை," என்றான் சடையன். "இறங்கினாத்தானே கல்லு நிக்கும்."

பாதி வழி இறங்கும்போது சிறு தூறல் விழுந்தது. கருப்பாயி விடாமல், தடி, வலது, இடது என்று இறங்கினாள். ஆற்றுக்கு மேலே இருக்கும் கடைசிப் பாறைக்கு வந்தபோது அவள் வலது தொடை வெடவெடவென்று நடுங்கியது. எதிரே படிப்பாறை. பக்கத்தில் வழுக்குப் பாறை, தூறலில் பளபளவென்று மின்னியது.

கீழே கரையில் காடே கூடியிருந்தது. அவளைக் கண்டதும் எல்லாரும் கத்தினார்கள்.

"கருப்பாயி! சறுக்கு! சறுக்கு!"

அவள் காதில் அது தேனாகப் பாய்ந்தது. மூன்று வருஷமாக யாரும் அவளை அப்படிக் கூப்பிடவில்லை.

சடையன் அவள் காதோரம் வந்து உட்கார்ந்தான். அவன் குரலும் இனித்தது.

"பாவம், எவ்வளவு நேரமா காத்துட்டு இருக்காங்க! படியில இறங்க இன்னும் அரை நாள் ஆகும். சறுக்கினா ஒரு நிமிஷம். பழைய கருப்பாயி திரும்பி வந்துட்டான்னு காட்டுக்கே தெரியட்டும்க்கா. உன்னை மாதிரி சறுக்க இந்த மலையில யார் இருக்கா?"

கருப்பாயி தடியைக் கீழே வைத்தாள். வழுக்குப் பாறையின் விளிம்பில் உட்கார்ந்தாள். கரையில் ஆரவாரம் கிளம்பியது.

சறுக்கிப் போவது அவளுக்குப் பயமாக இல்லை. கடைசியில் தாவ வேண்டுமே! அந்தத் தாவலை எப்போதும் இரண்டு முட்டியும்தான் வாங்கிக்கொள்ளும். அவள் தன் தொடையைப் பார்த்தாள். அது இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. கிழிந்த தேக்கிலை நினைவுக்கு வந்தது. ஆற்றோடு போன பத்து நெல்லிக்காயும் நினைவுக்கு வந்தன.

அவள் மெல்ல எழுந்தாள்.

"எங்கே போற? அவங்க கூப்பிடுறாங்க!" என்றான் சடையன்.

"கூப்பிடட்டும். அவங்க வீட்டுக்குப் போயிடுவாங்க. முட்டி என்னோடதான் வரணும்."

தடியைக் கீழே மணலில் விட்டெறிந்தாள். படிப்பாறைக்கு நகர்ந்தாள். அங்கே நின்று, காடே பார்த்துக்கொண்டிருக்க, அத்தனை பேருக்கும் முதுகைக் காட்டித் திரும்பினாள். இரண்டு கைகளாலும் பாறையைக் கட்டிப் பிடித்தாள். புதுக் காலைப் பின்னால் கீழே விட்டு, படியைத் தடவிக் கண்டுபிடித்து ஊன்றினாள். பிறகு நல்ல காலை இறக்கினாள்.

கரையில் ஒரே சிரிப்பு.

"ஐயையோ, கருப்பாயி பின்பக்கமா வர்றா!"

"வாலைத்தான் முதல்ல அனுப்புறா!"

கருப்பாயி திரும்பிப் பார்க்காமலே கத்தினாள். "மரத்துல இருந்து எல்லாக் கரடியும் இப்படித்தான் இறங்குது! அப்ப யாரும் சிரிக்கலையே!"

சடையனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "கருப்பாயி பயந்துட்டா! சறுக்குன்னா எப்படின்னு நான் காட்டுறேன் பாருங்க!" என்று கூவிக்கொண்டு வழுக்குப் பாறையில் குதித்தான்.

ஈரப் பாறை அவனை நேராக விடவில்லை. சுழற்றிச் சுழற்றி விட்டது. மணலுக்குப் பதிலாக ஒரு மரவேரில் போய் முட்டி இடித்து விழுந்தான். கன்னத்தில் அடக்கியிருந்த கல் வயிற்றுக்குள் போய்விட்டது.

"அம்மாடி! என் முட்டி!"

இரண்டு முள்ளம்பன்றிகள் அவனைத் தூக்கிக்கொண்டு கொண்டையாரிடம் ஓடின. அவன் வழி நெடுக அலறினான், பாதி முட்டிக்கு, பாதி முள்ளுக்கு.

படிப்பாறையில் கருப்பாயி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தாள். புதுக் கால், நல்ல கால். புதுக் கால், நல்ல கால். சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. கடைசிப் பத்துப் படியில் மரமுட்டி டொக், டொக் என்று கேட்ட சத்தம் மட்டும்தான்.

மணலில் இறங்கினாள். தடியை எடுத்து ஊன்றினாள். நடந்து போய் ஆற்றில் இறங்கி நின்றாள்.

வெள்ளையம்மா குனிந்து பார்த்தாள். "ரெண்டு காலும் நனைஞ்சுது. சொந்தக் கால்." பிறகு தலையை நிமிர்த்தி உரக்கச் சொன்னாள். "கருப்பாயியோட இருபதாவது கல் நிக்கும்!"

அப்போது எழுந்த ஆரவாரம் போல எந்தச் சறுக்குக்கும் எழுந்ததில்லை.

"எல்லாம் சரி, உன் சறுக்கு போச்சே கருப்பாயி," என்றது மான்.

"போனா போகட்டும். என் கல்லு இருக்குல்ல," என்றாள் அவள்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் கருப்பாயி மலை ஏறினாள். படிப்பாறைக்கு வந்ததும், கீழே யார் நின்றாலும், எவ்வளவு கூப்பிட்டாலும், தடியை முதலில் மணலில் போடுவாள். பிறகு முதுகைக் காட்டித் திரும்பி, பாறையைக் கட்டிப் பிடித்து, புதுக் காலை முதலில் கீழே விடுவாள்.

நீதி: கை தட்டலுக்காகக் குதிக்காமல், தன் காலுக்கு ஏற்றபடி இறங்கி வருபவரே மலையை முழுதாக ஏறியவர்.