காலணா தன் ராஜாவைக் கொடுத்த கதை

காசுக்கெல்லாம் வாய் இருந்த அந்தக் காலத்தில், வெள்ளைக்காரன் அடித்த செப்புக் காலணாவுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. முகம் நிறைய ராஜா தலை அல்லவா! சுருக்குப் பையில் கூடக் கிடந்த தங்கப் பவுனும் வெள்ளி ரூபாயும், "தள்ளிப் படுடா, களிம்பு பிடித்தவனே" என்று சீண்டும். "உங்களுக்கு இருக்கிற அதே ராஜாதான் எனக்கும்" என்று காலணா வெடுக்கென்று திருப்பிக் கொடுக்கும். அதற்கு இருந்த ஒரே பெருமை அந்த முகம்தான்.

பைக்குச் சொந்தக்காரி செபஸ்தியாள். ஒருநாள் கைப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு, கணவன் லாசருவின் வள்ளத்தில் தீவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். நடுக்கடலில் அடிப்பலகை வாயைப் பிளந்தது. பலகையில் அடித்த ஆணி கழன்றுவிடாமலிருக்க, உள்பக்கம் நடுவில் ஓட்டை போட்ட ஒரு செப்பு வில்லையை மாட்டித்தான் முனையை மடக்குவார்கள். இந்த மனுஷன் அவசரத்தில் இரும்பு வில்லையை மாட்டித் தொலைத்திருந்தான். உப்புத்தண்ணீர் விடுமா? அரித்துத் தின்றுவிட்டது.

"மாதாவே, என் பிள்ளை!" என்று அலறிய செபஸ்தியாள் பையைக் கவிழ்த்தாள். "இதுல ஒண்ணு ஆகுமா பாரும்!"

பவுன் உருண்டு ஒதுங்கியது. "என் உடம்பு மெத்தென்றிருக்கும், தாங்காது."

வெள்ளி முறைத்தது. "ராஜா முகத்தில் ஆணி அடிப்பதா? தொட்டுப் பார்!"

காலணாவும் யோசித்தது. முகம் போனால் அப்புறம் தன்னை யார் மதிப்பார்கள்? ஆனால் பிள்ளையைச் சுற்றிய துணியைத் தண்ணீர் தொட்டுவிட்டது.

"லாசரு, என்னை எடுத்துக்கோ. ராஜாவுக்கு ஊரெல்லாம் முகம் இருக்கு. இந்தப் பிள்ளைக்கு இந்த முகம் ஒண்ணுதான்" என்றது.

லாசரு உளியை வைத்து ஓங்கி அடித்தான். ராஜா தலை பொத்தென்று கடலில் விழுந்தது. ஓட்டை வழியே ஆணியைச் செலுத்தி முனையை மடக்கினான். பலகை கப்பென்று ஒட்டிக்கொண்டது. மூவரும் கரை சேர்ந்தார்கள். என்ன மனசு அந்தச் செம்புக்கு!

வள்ளத்தைப் பழுது பார்த்த அன்றைக்கு, செபஸ்தியாள் காலணாவைக் கழற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீ இனிமே பையில கிடக்க வேண்டாம்யா" என்று பிள்ளையின் அரைஞாணில் கோத்துவிட்டாள். பவுனும் வெள்ளியும் பைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தன. சேதி நாணயச்சாலை வரைக்கும் போயிற்று. அங்கே அச்சுக்குக் காத்திருந்த செம்பெல்லாம், "எங்களுக்கும் அப்படியே!" என்று அடம்பிடித்தது.

அன்று முதல்தான் காலணாவுக்கு நடுவில் ஓட்டை வந்தது. ராஜா தலை போய், ஓரத்தில் கிரீடம் மட்டும் நின்றது. பவுனைப் பெட்டியில் வைத்துப் பூட்டியவர்கள்கூட, பிள்ளையின் இடுப்பில் ஓட்டைக் காலணாவைத்தான் கட்டினார்கள்.