மச்சினன் கைப்பக்குவம்

ஜமீன் கல்யாணத்துக்குச் சமைக்க இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருவன் பக்கத்து ஊர்க்காரன். இன்னொருவன் காரியஸ்தர் மாசிலாமணியின் மச்சினன்.

"என் மச்சினன் கைப்பக்குவம் யாருக்கு வரும்?" என்று காரியஸ்தர் அளந்துகொண்டிருக்க, பாத்திரம் தேய்க்கும் சடைச்சி களுக்கென்று சிரித்துவிட்டாள்.

ஜமீன்தாருக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்போ நீயே ஆளைத் தேர்ந்தெடு. ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் என் வீட்டு ஆள் யாரும் ருசி பார்க்கக் கூடாது. தப்பினால் உன் வேலை போச்சு!"

"சரிங்க எசமான். ரெண்டு பேரும் சமைக்கட்டும்."

சமையல் முடிந்ததும் சடைச்சி இரண்டு இலை போட்டாள்.

"அவங்கவங்க சமைச்சதை அவங்கவங்களே சாப்பிடுங்கண்ணே."

பக்கத்து ஊர்க்காரன் உட்கார்ந்து பிசைய ஆரம்பித்தான். மச்சினனோ, வீட்டிலிருந்து கொண்டுவந்த தூக்குவாளியைத் திறந்தான்.

"ஏண்ணே, உங்க சமையல் வேண்டாமா?"

"எனக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்காதும்மா."