சுனையில் இழுத்த கோடு

காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். மலைகளுக்கு மனிதர்கள் பெயர் வைத்து முடிக்காத காலத்தில் ஒரு ராஜா இருந்தான். அவன் நாட்டில் ஓர் ஆறு. அதற்கு மூன்று ஓடைகள். செம்மண்ணைக் கரைத்து வரும் செவ்வோடை, கரிசலைக் கரைத்து வரும் கருவோடை, சுண்ணாம்பு மண்ணைக் கரைத்து வரும் வெள்ளோடை. மூன்றும் கூடிய பிறகும் நீர் வெகுதூரம் மூன்று நிறமாகவே ஓடும்.

கூடுமிடத்தில் ஆண்டுதோறும் ஆடித் திருவிழா. திருவிழா என்றால் முதல் மரியாதை. முதல் மரியாதை என்றால் சண்டை. நம்மவர்களுக்குச் சொல்லவா வேண்டும்! "எங்க ஓடைதான் ஆறு" என்று மூன்று ஊராரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ராஜா ஆணையிட்டான்.

"ஊருக்கு ஒருவர் மலையேறுங்கள். உங்கள் ஓடை பிறக்கும் இடத்து நீரைக் கொண்டு வாருங்கள். எது மிக உயரத்தில் பிறக்கிறதோ, முதல் மரியாதை மாலை அந்த ஊருக்கு. மற்ற இரண்டு ஊரும் இனி இந்தக் கரையை மிதிக்கக் கூடாது."

செவ்வோடை ஊரின் தலைவி சிலம்பாயி குடத்தைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பினாள். தோற்றால் ஊர்ப் பிள்ளைகள் திருவிழாவை எட்டி நின்றுகூடப் பார்க்க முடியாதே என்ற நினைப்பு அவளை விரட்டியது.

ஏற ஏற ஓடை மூன்றாகப் பிரிந்தது. ஒரு கிளையைப் பிடித்தாள், அதுவும் மூன்றானது. அதில் ஒன்றைப் பிடித்தாள், அதுவும் மூன்றானது. பாறையிடுக்கெல்லாம் நீர், வேருக்கடியெல்லாம் நீர். "அடியாத்தி, இத்தனையும் சேர்ந்தா நம்ம ஓடை!" என்று வாய்விட்டே சொன்னாள்.

மூன்றாம் நாள் உச்சிக்கு வந்தாள். அங்கே இருந்தது ஒரே ஒரு சுனை. இரண்டு கையை விரித்தால் அளந்துவிடலாம். அது நிரம்பி மூன்று பக்கமும் வழிந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் செம்மண் சரிவு, ஒரு பக்கம் கரிசல் சரிவு, ஒரு பக்கம் வெள்ளைச் சரிவு. கீழே மூன்று ஓடைகளும், ஆறும், அது நனைக்கும் வயல்களும் கண்ணெட்டும் தூரம்வரை விரிந்து கிடந்தன. சிலம்பாயிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மனம் சும்மா இருக்குமா? விளிம்புச் சேற்றில் கால் கட்டைவிரலால் தன் பக்கமாக ஒரு கோடு இழுத்தாள். உடனே மற்ற இரண்டு பக்கமும் நீர் நின்றது. சுனை முழுவதும் செம்மண் சரிவில் பாய்ந்தது. ஒரே விரலில் இரண்டு ஓடைகள் செத்துப் போயின! பதறி மண்டியிட்டாள். சேற்றை அள்ளி அள்ளிக் கோட்டை அடைத்தாள். மூன்று பக்கமும் மறுபடி வழிந்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. குடத்தை நிரப்ப மனம் வரவில்லை.

இறங்கும் வழியில் செவ்வோடை இளைத்துக்கொண்டே வந்தது. தான் அடைத்தது சரியில்லையோ என்று தன்னையே நொந்துகொண்டாள்.

கரையில் ஒரே ஆரவாரம். வெள்ளோடைக்காரர் பாதி மலையிலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிட்டார். கருவோடைத் தலைவன் மாடப்பனோ அவளுக்குப் பின்னால் ஏறி, குறுக்கு வழியில் அவளுக்கு முன்னால் இறங்கியிருந்தான். அவன் குடம் தளும்பியது. ஆற்றில் சிவப்பும் வெள்ளையும் நூலாகிவிட, கறுப்பு நீர் கரை தொட்டு ஓடியது.

"பாத்தீங்களா, ஆறே எங்க பக்கம்!" என்று அவன் ஊரார் கூத்தாடினார்கள்.

மாலையை மாடப்பன் கழுத்துவரை கொண்டுபோன ராஜா சிலம்பாயியைப் பார்த்தான். "உன் குடம் ஏனம்மா காலி?"

"மூணு ஓடைக்கும் ஒரே சுனைதான் மகாராஜா. அதுல எங்க தண்ணி எதுன்னு எனக்குத் தெரியல. விரலால ஒரு கோடு போட்டேன், மொத்தமும் எங்க பக்கம் திரும்பிருச்சு. பயந்துபோய் அழிச்சுட்டு வந்துட்டேன்."

மாடப்பன் கையிலிருந்த குடம் நழுவி விழுந்து உடைந்தது.

"நான் அழிக்கலியே, தாயி!" என்றான்.

கழுத்துவரை வந்த மாலையை விலக்கிவிட்டு அவன் மலையைப் பார்த்து ஓடினான். "இருப்பா, நானும் வாரேன்! சேத்தை அள்ள ரெண்டு கை பத்தாது!" என்று சிலம்பாயியும் பின்னாலேயே ஓடினாள்.

சில நாளில் ஆற்றில் சிவப்பு வந்தது, வெள்ளை வந்தது, கறுப்பும் கூடவே வந்தது. மூன்று ஊராரும் ஒரே துறையில் இறங்கிக் குளித்தார்கள். ராஜா அந்த மாலையை யார் கழுத்திலும் போடவில்லை.

எல்லோருக்கும் பொதுவாய் ஊறும் நீரில் எவருக்கும் முதல் உரிமை இல்லை.