ஆளுக்கு ஓர் அட்டை

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஞானமுத்து, அறுபத்திரண்டு வயதில் ஆலோசனை ஊழியம் கற்க வந்தார். கற்றுக்கொடுத்த சலோமிக்கு நாற்பது வயது. ஆலயத்துக்குப் பின்னால், பாய்களை அடுக்கி வைக்கும் அறையில் உட்கார்ந்துதான் அவர் துக்கப்படுகிறவர்களோடு பேசுவார்.

"சிஸ்டர், கனகமணி வீட்டுக்கு நாலு தடவை போயிட்டேன்," என்றார் ஞானமுத்து. "போகப் போக மோசமாகுது."

கனகமணியின் ஒரே மகன் ஆல்வின் மார்ச் மாதம் பைக்கிலிருந்து விழுந்து இறந்துபோனான். பத்தொன்பது வயது.

வருடப் பிறப்பன்று ஆராதனை முடிந்ததும் அந்த ஆலயத்தில் வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து வைத்து நீட்டுவார்கள். கையில் வருவதுதான் அந்த வருடத்துக்கான வாக்கு. கனகமணிக்கு வந்த அட்டை, தீங்கு உன் வாசலை அண்டாது என்றது. மகனை அடக்கம் செய்த பிறகும் அது பீரோ கதவிலேயே ஒட்டியிருந்தது. கணவர் பாக்கியநாதன் அதைக் கிழித்துப் போடச் சொன்னார். அவள் மாட்டேன் என்றாள். அவர் துணிமணிகளை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய் இரண்டு மாதமாகிறது.

"அவர் என்ன சொல்றார்?" என்று கேட்டார் சலோமி.

"வண்டி வாங்கிக் குடுத்தது நான், அதைத் தெனமும் குத்திக் காட்டத்தான் அவ அந்த அட்டையை வச்சிருக்கான்னு சொல்லுதாரு. அது இருக்கிற வீட்டுல கால் வைக்க மாட்டாராம்."

"அவங்க?"

"கர்த்தர் பொய் சொன்னாரா சார்னு மட்டும் கேக்காவ."

"நீங்க என்ன சொன்னீங்க?"

முப்பத்தாறு வருடம் பாடம் நடத்தியவருக்கு ஒரு கேள்வியை அப்படியே விட்டுவைக்கத் தெரியாது. "அது சரீரத்தைப் பத்தினது இல்ல, ஆத்துமாவைப் பத்தினதுன்னு சொன்னேன். ரெண்டாவது தடவை மூல பாஷையில என்ன அர்த்தம்னு விளக்கினேன். மூணாவது தடவை நோட்டுல எழுதியே எடுத்துட்டுப் போனேன்."

"நாலாவது தடவை?"

"கதவைத் திறக்கல."

சலோமி எழுந்தார். "வாங்க, போவோம். பை இங்கயே இருக்கட்டும்."

வேதாகமமும் நோட்டும் அந்தப் பைக்குள்தான் இருந்தன. வெறுங்கையோடு ஒரு துக்க வீட்டுக்குப் போவது ஞானமுத்துவுக்கு அதுவே முதல் தடவை. வழியெல்லாம் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நடந்தார்.

சலோமியின் குரல் கேட்டுக் கனகமணி கதவைத் திறந்தாள். பின்னால் நின்ற சாரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஞானமுத்து இரண்டு தடவை பேச வாயெடுத்தார். இரண்டு தடவையும் சலோமி அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்த அட்டையைக் கையில வாங்கிப் பாக்கலாமாம்மா?" என்று கேட்டார் சலோமி.

கனகமணி யோசித்தாள். பிறகு நகத்தால் டேப்பைப் பதனமாகப் பெயர்த்து எடுத்துக் கொடுத்தாள்.

சலோமி அட்டையைத் திருப்பினார். பின்பக்கம் பென்சிலில் ‘அம்மாவுக்கு’ என்று எழுதியிருந்தது.

"யார் எழுதினது?"

"ஆல்வின்தான். வருஷப் பிறப்பு அன்னைக்கு எனக்குக் காய்ச்சல், கோயிலுக்குப் போகல. அவனுக்கு ஒண்ணும் எனக்கு ஒண்ணும் எடுத்துட்டு வந்தான். மாறிரக் கூடாதுன்னு பேர் போட்டிருக்கான்." அவள் முதல் தடவையாக ஞானமுத்துவைப் பார்த்தாள். "ஆளுக்கு ஒண்ணுதான்னு சார் அதட்டினாவளாம். அம்மாவுக்குன்னு கெஞ்சி வாங்கினேன்னு வந்து சொன்னான்."

தட்டை வருடா வருடம் பிடிப்பவர் ஞானமுத்துதான். அதட்டியது அவருக்கு நினைவு வந்தது. கெஞ்சிய பையனின் முகமும் நினைவு வந்தது.

"ஆமாம்மா, அதட்டினேன்," என்றார். வெட்கத்தை விட்டு அழுதார். அவர் அழுவதைப் பார்த்துக் கனகமணியும் அழுதாள்.

வெகுநேரம் கழித்து அவள் கேட்டாள்: "கர்த்தர் பொய் சொன்னாரா சிஸ்டர்?"

"எனக்குத் தெரியலம்மா," என்றார் சலோமி. அட்டையை இரண்டு கைகளாலும் திருப்பிக் கொடுத்தார்.

அங்கிருந்து ஞானமுத்து தனியாகப் பாக்கியநாதனைத் தேடிப் போனார். "அட்டையோட பின்பக்கம் பாத்திருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினார். அன்று சாயங்காலம் பாக்கியநாதன் வீட்டுக்கு வந்தார். பென்சில் எழுத்தைப் பார்த்தார். பீரோவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் தம்பி வீட்டிலிருந்து துணிமணிகள் வந்து சேர்ந்தன. புருஷனும் பெண்சாதியும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் ஒரே வீட்டில் சாப்பிட்டார்கள்.

டிசம்பர் கடைசியில், பாய்கள் இருந்த அறையில் சலோமி புதிய அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஞானமுத்து வந்து நின்றார்.

"வருஷப் பிறப்புக்குக் கனகமணி கோயிலுக்கு வாறாவளாம்."

"நல்லது."

"தட்டு என் கையில இருக்கும். அதே வாக்கு மறுபடியும் அவங்களுக்கு வந்துட்டா? அந்த அட்டையை மட்டும் எடுத்துரட்டுமா?"

"வேண்டாம் சார். கிடக்கட்டும்."

"வந்துட்டா நான் என்ன சொல்லணும் சிஸ்டர்?"

சலோமி அடுக்கிய அட்டைகளைக் கவிழ்த்து வைத்தார்.

"தட்டை வேற யார் கையிலயாவது குடுத்துட்டு, அவங்க கூட வீடு வரைக்கும் நடந்து போங்க."