கலியமூர்த்தி வாங்கின ஷூ

ஒரு ஊர்ல ஒரு கண்டக்டர் இருந்தாராம். பேரு கலியமூர்த்தி. எந்த ஊரா? ஏதோ ஒரு ஊரு, குறுக்கப் பேசாம கேளு. "ம்" மட்டும் சொல்லு.

அவர் வாயில எந்நேரமும் ஒரே இங்கிலீஷ் வார்த்தைதான், அட்ஜஸ்ட். ரெண்டு பேர் சீட்ல மூணாவது ஆளைத் திணிக்கணுமா? "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க!" ஜன்னல் வழியா மழை அடிக்குதா? அதே வார்த்தை. பஸ்ஸு நடுவழியில டுர்ர்ர்னு நின்னுடுச்சா? அப்பவும் அதே. எல்லாரும் கப்சிப்னு அடங்கிடுவாங்க. அப்புறம் என்ன, அந்த வார்த்தையை வீட்டுக்கும் கொண்டாந்துட்டார் மனுஷன். ம்?

வீட்டுல ஒரு பையன், அவனுக்கு அடுத்து அன்பரசின்னு ஒரு பொண்ணு. விருந்தாளி வந்தா பாயை விட்டுத் தர்றது யாரு? அன்பரசி. "அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா." சரிப்பான்னு கதவோரம் சுருண்டுக்குவா. அப்புறம் யூனிபார்ம். வளர்ற பிள்ளைன்னு மூணு வருஷத்துக்கும் சேத்துத் தைச்சுட்டார். தொளதொளன்னு கிடக்கு. "அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா." சரிப்பா.

அப்புறம்தான் அந்த ஓட்டப்பந்தயம். அடேயப்பா, அந்தப் பொண்ணு ஓடினா காத்தே தோத்துப்போகும்! ஜெயிச்சா மாவட்ட டீம்ல சேர்த்துக்குவாங்க. நாள் முழுக்க அதே நினைப்பு அவளுக்கு. "அப்பா, ஷூ வேணும்பா"ன்னா. வாய் திறந்து அவ கேட்ட ஒரே பொருள்.

"அண்ணன் ஷூ இருக்கே. உள்ள பஞ்சு வச்சு அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

பீப்னு விசில் அடிச்சாங்க. தடதடதடன்னு ஓடறா. எல்லாருக்கும் முன்னாடி. எல்லைக் கயிறு இந்தா இருக்கு. அப்போ சரக்குனு ஷூ கழண்டு, தொப்! முட்டியெல்லாம் ரத்தம். மத்தவங்க தாண்டிப் போயிட்டாங்க. கலியமூர்த்தி வேலிக்கு வெளியே நின்னு பாக்கறார். பஞ்சு மண்ணுல உருண்டு கிடக்கு. ஐயோ கண்ணு, நான்தானே தள்ளிவிட்டேன், நான்தானேன்னு தலைல அடிச்சுக்கிட்டார்.

மறுநாளே கடைக்கு ஓடினார். பளபளன்னு புது ஷூ. "எத்தனாம் நம்பர்?"னு கடைக்காரர் கேட்டார். இவர் கையால ஒரு அளவு காட்டறார். பதினாலு வருஷம் வளர்த்த பொண்ணு, கால் அளவு தெரியலை. குத்துமதிப்பா ஒண்ணு வாங்கிட்டு வந்தார்.

அன்பரசி போட்டுப் பாத்தா.

"சரியா இருக்காம்மா?"

அவ விரலை உள்ள மடக்கிக்கிட்டு சிரிச்சா. "கொஞ்சம் கடிக்குதுப்பா. பரவால்ல, அட்ஜஸ்ட் பண்ணிக்கறேன்."

அன்னையிலேருந்து அந்த மனுஷன் பஸ்லகூட அந்த வார்த்தையைச் சொல்லலை. "இடமில்லம்மா, அடுத்த வண்டியில வாங்க"ம்பார்.

அவ்வளவுதான், கதையும் பஸ்ஸை விட்டு இறங்கிடுச்சு. நீ என்ன சுருண்டு படுத்திருக்க? காலை நல்லா நீட்டு. நான் தள்ளிக்கறேன், நீ தூங்கு.