இரண்டாம் பாகம்

மலையடிவாரத்து ஆசிரமத்துக்கு வடக்கேயிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஜனங்கள் வருவார்கள். அவர்கள் தமிழ் படிக்க ஒன்றாம் பாகம் எழுதினவள் வடிவாம்பாள். முப்பது வருஷம் ஒன்றாம் வகுப்பு நடத்தின கை. சமையல்கட்டில் யாராவது உப்புக்குக் கைஜாடை காட்டினால், அன்றைக்கே 'உப்பு எங்கே?' என்று ஒரு பாடம் எழுதிவிடுவாள். அப்படிச் சேர்ந்த தாள்கள்தான் நாற்பது பாடமாகி, அட்டை போட்ட புத்தகமானது.

இரண்டாம் பாகத்தை, பின்னால் வந்த கோசலை எழுதினாள். வந்தது வினை.

"இரண்டாம் பாகம் படித்த பிறகுதான் தமிழ் வாயில் வருகிறது" என்று வடிவாம்பாள் காதுபடவே எல்லோரும் சொன்னார்கள். கோசலை வேறு, "அக்கா, அக்கா" என்று வளைய வளைய வந்தாள். ஒவ்வொரு அக்காவுக்கும் வடிவாம்பாளுக்கு அடிவயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. பூஜையில் உட்கார்ந்தால் உதடு நாமம் சொல்லும். மனசு கோசலையின் புத்தகத்தில் பிழை தேடும்.

மூன்றாம் பாகம் பற்றிப் பேச்சு வந்தது. அதுவும் அவளுக்கே போய்விட்டால்?

வடிவாம்பாள் ஆசிரமத்துச் சாமியிடம் போய் நின்றாள். சாமி அவளைவிடப் பத்து வயது சின்னவர்.

"மூன்றாம் பாகத்தை எனக்குத் தரணும் சாமி."

"கோசலையம்மாவிடம் என்ன குறை?"

"பூக்காரியோடு சண்டை போடுகிறதை ஒரு பாடமாக எழுதியிருக்கிறாள். ஆசிரமத்தில் படிக்கிற புத்தகமா அது?"

"சண்டை போடத் தெரியாமல் கடைத்தெருவுக்குப் போனால் வாடின பூதானே அம்மா கிடைக்கும்?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அது போகட்டும். அதில் அவள் சரக்கு என்ன இருக்கிறது? அத்தனையும் நான் சொல்லிக்கொடுத்த சொல். நான் வடித்த சோற்றில் குழம்பை ஊற்றிவிட்டு, தானே சமைத்ததாகப் பேர் வாங்குகிறாள்."

சாமி இரண்டாம் பாகத்தையும் ஒரு பென்சிலையும் எடுத்து நீட்டினார்.

"நீங்கள் சொல்லிக்கொடுத்த சொல்லையெல்லாம் இதில் அடித்துவிடுங்கள்."

வடிவாம்பாள் உட்கார்ந்து அடித்தாள். அடிக்க அடிக்க முகம் தெளிந்தது. பூக்காரி பாடத்துக்கு வந்தபோது, சண்டையில் பாதிக்குமேல் காணோம். பூக்காரி வெறும் "அடேயப்பா" மட்டும் சொல்லிக்கொண்டு நின்றாள்.

"பாருங்கள் சாமி! பக்கத்துக்கு மூன்று சொல், மிஞ்சினால் நாலு. மற்றதெல்லாம் என்னுடையது."

"ஆமாம்" என்றார் சாமி. "தேடித்தேடி உங்கள் சொல்லாகவே எடுத்திருக்கிறார்."

"அப்போ மூன்றாம் பாகம் எனக்குத்தானே?"

"சொந்தச் சொல் அதிகம் வைத்திருப்பவருக்கே கொடுத்துவிடலாம். இப்போது உங்கள் புத்தகத்தை எடுங்கள். உங்களுக்கு மற்றவர்கள் சொல்லிக்கொடுத்த சொல்லையெல்லாம் அடித்துவிட்டு, மிச்சத்தை எனக்குக் காட்டுங்கள்."

வடிவாம்பாள் ஒன்றாம் பாகத்தைத் திறந்தாள். முதல் பாடம். 'இது என் வீடு.'

'இது'வை அடித்தாள்.

'என்' மேல் பென்சில் நின்றது.