எழுத்தை விழுங்கிய வரி

தூத்துக்குடியில் ஒரு குரு இருந்தார். அவருக்குத் தாடியும் இல்லை, மடமும் இல்லை. பெயர் ஜெசிந்தா. வயது இருபத்தொன்பது. ஐஸ் பேக்டரிக்கு எதிர் மாடியில் இரண்டு அறை எடுத்து, கேட்டு வருகிறவர்களுக்கு இணையப் பக்கம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

சீடர் ஒரே ஒருவர்தான். பெயர் பெர்க்மான்ஸ், வயது ஐம்பத்தொன்று. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். முதுகுவலி வந்து, முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டார். கம்ப்யூட்டர் கற்கப்போகிறேன் என்று அவர் சொன்னபோது, ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று அவர் மனைவியே கேட்டாள். முதுகுதான் வளையவில்லை, மனிதர் வளைந்துவிட்டார்.

இருபது டன் பெட்டியைக் கப்பலிலிருந்து தூக்கிச் சொன்ன இடத்தில் இறக்கிய கை அது. திரையிலும் பெட்டிகளைச் சொன்ன இடத்தில் வைப்பதுதான் வேலை என்று தெரிந்ததும் பெர்க்மான்ஸ் ஜெசிந்தாவோடு ஒட்டிக்கொண்டார். அவர் ஜெசிந்தாவை டீச்சர் என்பார். ஜெசிந்தா அவரை அண்ணாச்சி என்பார்.

எல்லாப் பிரவுசரும் பெர்க்மான்ஸ் பேச்சைக் கேட்டன, ஒன்றைத் தவிர. அதன் பெயரைச் சொல்லி வம்பை விலைக்கு வாங்குவானேன். படத்துக்கும் பக்கத்துப் பெட்டிக்கும் நடுவே ஒரு விரல் இடம் விடு என்றால், அது இரண்டு விரல் விடும். இடம் போதாமல் பெட்டி படத்துக்குக் கீழே போய் விழுந்துவிடும்.

பெர்க்மான்ஸ் பதினோரு நாள் அதோடு மல்லுக்கட்டினார். பன்னிரண்டாம் நாள் ஜெசிந்தா ஒரு வழி காட்டிக் கொடுத்தார். பக்கத்தைக் கேட்டு வருவது அந்தப் பிரவுசர்தானா என்று பெயரைப் பார். அதுதான் என்றால், அதற்கு மட்டும் பெட்டியை இடப்பக்கம் இழு. ஒரே ஒரு வரி. எதற்காக எழுதினோம் என்று பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதி வையுங்கள் என்றார். பெர்க்மான்ஸ் வரியை எழுதினார். எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் கூடுதலாகவே இழுத்துவிட்டார். அன்றிலிருந்து எந்தப் பக்கம் செய்தாலும் அந்த வரியை ஒட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை.

ஒரு திங்கட்கிழமை காலையில் அவர் முகம் சரியில்லாமல் வந்தார்.

"டீச்சர், நாம செஞ்ச மாதா கோயில் இணையப் பக்கத்துல எழுத்து மறையுதாம்."

"யாரு சொன்னா?"

"என் தம்பி."

இரண்டு வருடமாக ஒரே அறையில் வேலை பார்க்கிறார்கள். பெர்க்மான்ஸுக்குத் தம்பி உண்டு என்பதே ஜெசிந்தாவுக்கு அன்றுதான் தெரியும். ஜெசிந்தா நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

தம்பியின் பெயர் கித்தேரி. மங்களூரில் படகு கட்டும் இடத்தில் வேலை. ஒரு காலத்தில் குடி என்றால் அப்படி ஒரு குடி. பெர்க்மான்ஸின் மூத்த மகள் நிச்சயதார்த்தத்தன்று தள்ளாடிக்கொண்டு வந்து, மாப்பிள்ளையின் தாய்மாமன் சட்டையைப் பிடித்தான். கல்யாணம் எப்படியோ நடந்தது. ஆனால் அத்தனை பேர் முன்னால் பெர்க்மான்ஸ் கூசிப்போன கூச்சம் போகவில்லை.

அதன் பிறகு வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. நல்ல நாள் எதற்காவது வரட்டுமா என்று கித்தேரி போனில் கேட்டால், யார் எடுத்தாலும் ஒரே பதில்: அன்றைக்கு நாங்கள் ஊரில் இருக்க மாட்டோம். சின்ன மகள் புத்தகத்திலிருந்து தலை தூக்காமலே அதைச் சொல்வாள். கேள்வி முடிவதற்குள் பதில் போய்விடும்.

கித்தேரி குடியை விட்டு மூன்று வருடம் ஆகிறது. புதன்கிழமைதோறும் அங்கே குடியை விட்டவர்கள் கூடும் ஒரு கூட்டத்துக்குப் போகிறான். இதெல்லாம் பெர்க்மான்ஸுக்குத் தெரியும். தெரிந்தும் வீட்டு வழக்கம் மாறவில்லை. சூடு கண்ட பூனைக்கு அடுப்பு அணைந்த சேதி சொன்னால் மட்டும் போதுமா?

ஆனால் தம்பியை நினைக்காத நாள் அவருக்கு இல்லை. அம்மா சாகும்போது கித்தேரிக்கு ஏழு வயது. தலை வாரிவிட்டது, சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டு போனது, கடலில் நீச்சல் பழக்கியது எல்லாம் அண்ணன்தான். வருடாவருடம் மாதா தேர் தெருவில் வரும்போது பெர்க்மான்ஸ் தேரைப் பார்ப்பதில்லை. கூட்டத்தில் இடது தோள் கொஞ்சம் சரிந்த நெட்டையான ஆள் ஒருவன் நிற்கிறானா என்று பார்ப்பார். வந்திருக்க மாட்டான் என்று தெரியும். வரவிடாமல் செய்தவரும் தாமே. இருந்தும் தேர் நிலைக்குப் போகும்வரை அவர் கண் ஓயாது.

நேற்று ஞாயிறு. வழக்கம்போல் கித்தேரி போனில் பேசினான். இந்த வருடம் திருவிழாவுக்கு வரட்டுமா அண்ணே என்று கேட்டான். பெர்க்மான்ஸின் மனம் வா என்று சொல்ல எழுந்தது. வாய் முந்திக்கொண்டது. "நாங்க ஊர்ல இருக்க மாட்டோம்ல."

 அதற்குக் கித்தேரி சொன்னதை பெர்க்மான்ஸ் அப்படியே ஜெசிந்தாவிடம் சொன்னார்.

"சரிண்ணே. கோயில் பக்கத்த நீதான செஞ்ச? தெனமும் ஆபீஸ் மெஷின்ல பாக்கேன். நல்லாருக்கு. எடப்பக்கம் மட்டும் ஒவ்வொரு வரியிலயும் மொத எழுத்து படத்துக்கு அடியில போயிட்டு. ஒன்பதாம் நாள்ல ஒம் பேர்லயும் மொத எழுத்தக் காணோம். பாத்துக்க."

திருவிழா பத்து நாள். ஒவ்வொரு நாளையும் ஒரு குடும்பம் ஏற்றுக்கொண்டு, பூவும் மெழுகுதிரியும் கொண்டுவந்து, சாயங்கால ஜெபத்தை முன்நின்று நடத்தும். இந்த வருடம் ஒன்பதாம் நாள் பெர்க்மான்ஸ் குடும்பத்தாருக்கு. ஒன்பதாம் நாளுக்கான வரியைப் பக்கத்தில் தட்டெழுதியதும் அவர் கைதான். ஊரில் இருக்க மாட்டோம் என்ற அண்ணன், அதே திருவிழாவில் எந்த நாள் எந்த நேரம் எங்கே நிற்பார் என்று தம்பிக்குத் தெரியும். தெரிந்ததைக் கேட்காமல் எழுத்து மறைவதை மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டான்.

"நேத்து சாப்பிடல டீச்சர்," என்றார் பெர்க்மான்ஸ்.

ஜெசிந்தா தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். பிறகு கித்தேரி எந்தப் பிரவுசரில் பார்க்கிறான் என்று கேட்டார்.

அதேதான் என்றார் பெர்க்மான்ஸ். போன மாதம்தான் தம்பி ஆபீஸில் அதன் புதிய பதிப்பை ஏற்றியிருக்கிறார்களாம். எத்தனை முறை புதிதாக்கினாலும் அதன் புத்தி மாறாது என்றார். மூலையில் ஒரு பழைய மெஷின் இருந்தது. அந்தப் பிரவுசரின் பழைய குறையைச் சோதிப்பதற்கென்றே அதில் எதையும் புதுப்பிக்காமல் வைத்திருந்தார்கள். பெர்க்மான்ஸ் பக்கத்தை அதில் போட்டுப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது, தப்பு நம்மிடம் இல்லை என்றார்.

ஜெசிந்தா தம் மெஷினில் அதே பிரவுசரின் புதிய பதிப்பை ஏற்றினார். கோயில் பக்கத்தைத் திறந்தார். பத்து வரியிலும் முதல் எழுத்து மாதா படத்தின் ஓரத்துக்கு அடியில் மறைந்திருந்தது.

"பாத்தீங்களா? இன்னும் அதே கோளாறு," என்றார் பெர்க்மான்ஸ்.

ஜெசிந்தா பக்கத்தின் உள்ளே போய் அந்த வரியைத் தேடிப் பிடித்தார். வரிக்கு அருகே சீடர் எழுதிவைத்த குறிப்பு இருந்தது. 'இவனை நம்பாதே. இந்த வரியை எக்காலத்திலும் எடுக்காதே.' ஜெசிந்தா அதை இரண்டு முறை வாசித்தார். சிரிக்கவில்லை.

"அண்ணாச்சி, வெறும் பக்கம் ஒண்ணு செய்ங்க. ஒரு படம், ஒரு பெட்டி, நடுவுல ஒரு விரல் எடம். உங்க வரி வேண்டாம்."

பெர்க்மான்ஸ் செய்தார். அவர் கைக்கு அது ஐந்து நிமிட வேலை. புதிய பதிப்பில் திறந்து பார்த்தார். பெட்டி படத்துக்குப் பக்கத்தில், ஒரு விரல் தள்ளி, சொன்ன இடத்தில் நின்றது.

அவர் நம்பவில்லை. மேஜை டிராயரிலிருந்து பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்துத் திரைமேல் வைத்து அளந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொரு முறை அளந்தார். பக்கத்தை மூடி, திறந்து, மூன்றாம் முறையும் அளந்தார்.

"இது எப்ப சரியாச்சு?"

"ஒரு வருசம் இருக்கும்."

"நமக்கு யாரும் சொல்லலியே."

"சொல்லத்தான் செஞ்சிருக்காங்க. ஒவ்வொரு பதிப்புலயும் என்னெல்லாம் திருத்தினோம்னு எழுதித்தான் விடுதாங்க. நாம வாசிக்கல."

பெர்க்மான்ஸ் ஸ்கேலைக் கீழே வைத்தார்.

"அப்ப எழுத்த மறைச்சது?"

"நம்ம வரிதான் அண்ணாச்சி. அது பேரத்தான பாக்குது? பேரு பழைய பேருதான். சரியா நிக்கிற பெட்டியப் புடிச்சு இழுத்திருது."

பெர்க்மான்ஸ் விட்டுக்கொடுக்கவில்லை. பழைய பதிப்பை வைத்திருப்பவர்கள் இன்னும் சிலர் இருப்பார்களே, வரியை எடுத்துவிட்டால் அவர்களுக்குப் பெட்டி கீழே விழுமே என்றார். விழுந்தால் விழட்டும், கீழே கிடந்தாலும் வாசித்துவிடலாம், மறைந்து போனதைத்தான் வாசிக்க முடியாது என்றார் ஜெசிந்தா.

பெர்க்மான்ஸ் வரியை அழித்தார். குறிப்பையும் சேர்த்து அழித்தார். பக்கத்தை மறுபடி ஏற்றியபோது பத்து நாளும் முழுப் பெயரோடு வந்து நின்றன.

வேலை முடிந்தது. ஆனாலும் அவர் எழுந்திருக்கவில்லை. ஒன்பதாம் நாளில் இருந்த தம் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே ஐஸ் பேக்டரியில் வண்டிக்கு ஐஸ் ஏற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"டீச்சர்."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"அவன் வந்து, மறுபடியும் பழைய மாதிரி ஆயிட்டான்னா? ஒன்பதாம் நாள், கோயில்ல வச்சு, எல்லாரும் பாக்க..." அவரால் முடிக்க முடியவில்லை. அவன் வரவேண்டும் என்று நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது. வந்துவிடுவானோ என்றும் அதே நெஞ்சு பயந்தது. "இன்னும் ஒரு வருசம் பாப்பமேன்னு இருக்கு. நல்லாத்தான் இருக்கான்னு பாத்துட்டு, அப்புறமா வரச்சொன்னா என்ன?"

ஜெசிந்தா அளந்து முடித்த ஸ்கேலை எடுத்து டிராயரில் போட்டு மூடினார்.

"பாத்துட்டு வரிய எடுக்க முடியாது அண்ணாச்சி. எடுத்துட்டுத்தான் பாக்க முடியும்."

பெர்க்மான்ஸ் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனார்.

இரண்டாம் மணியிலேயே கித்தேரி எடுத்துவிட்டான். ஞாயிறு அல்லாத நாளில் அண்ணனிடமிருந்து அழைப்பு வந்ததில் அவன் குரல் பயந்திருந்தது. வீட்டில் எல்லோரும் சுகம்தானே என்று கேட்டான்.

பெர்க்மான்ஸ் வாயைத் திறந்தார். பழகிய பதில்தான் முதலில் நாக்குக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டார். அதற்குப் பதிலாகச் சொல்ல வேறு பேச்சு எதுவும் அவரிடம் தயாராக இல்லை. அத்தனை வருடமாக அது தேவைப்படவே இல்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கித்தேரி காத்திருந்தான். போனை வைக்கவில்லை.

"அண்ணே, இருக்கியா?"

"இருக்கேம்ல," என்றார் பெர்க்மான்ஸ். "ஊர்லதாம்ல இருக்கோம்."